பெரிய நட்சத்திரத்தின் பசி

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் பேசினால் ஸ்பீக்கர் போட்டுவிடுவீர்கள், தெருவே கேட்கும். முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? ஜெர்மனிக் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

"நட்சத்திரம் எப்பிடிமா வளரும், அது இன்னா மல்லாட்டைச் செடியா?" என்று சிரித்தீர்களே. வளரும் அப்பா. பெரிய நட்சத்திரத்தின் வெளிச்சம் மூர்க்கமானது, தன்னிடம் வரும் வாயுவையே தள்ளிவிடும். ஆனாலும் அதன் இடுப்பைச் சுற்றி வாயு ஒரு தட்டுபோலச் சுழலும். அந்தத் தட்டின் வழியாகத் தின்று நட்சத்திரம் வளரும். அப்படி ஒரு தட்டைத் தொலைநோக்கிப் படத்தில் முதலில் பார்த்தவள் நான்தான்.

போன வாரம் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். பெரிய விஷயமில்லை. எங்கள் ஆய்வுக் குழுத் தலைவரிடம் கேட்டேன். "நீ இன்னும் மாணவிதானே, அடுத்த முறை பார்க்கலாம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். நட்சத்திரத்துக்குத் தான் எதைத் தின்கிறோம் என்று தெரியாது. இவர்களுக்குத் தெரியும்.

விழுப்புரம் போனால் கேப்பை மாவு கொஞ்சம் பார்சலில் போடுங்கள். ஒருத்திக்குக் களி கிண்ட அரைக் கிலோ போதும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

ஒன்றே ஒன்று. 'நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த எங்கள் மகள்' என்று ஒலக்கூர் கூட்டுரோட்டில் என் படம் போட்டுப் பிளக்ஸ் கட்டினீர்களே, அதை நீங்களே கழற்றிவிடுங்கள். யாராவது கேட்டால், காற்றில் கிழிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

இசைவாணி