ஆயில் போல்ட்டில் சுற்றிய அரக்கு நூல்

என் ஆசை மாமாவுக்கு, வள்ளி எழுதுறது.

என் படிப்பு அஞ்சாவதோட நின்னுபோச்சு, உங்களுக்குத் தெரியும். தப்பு இருந்தா சிரிச்சுக்குங்க. வாயால சொல்லலாம்னா, உங்க போட்டோ முன்னால நின்னதும் மாலையைச் சரி பண்ணிட்டுத் திரும்பி வந்துடுறேன்.

உங்க வண்டியைக் கெடுத்துட்டேன் மாமா.

நீங்க போயி எட்டு மாசம் ஆகுது. தறிக்காரங்க வீட்டுல பழைய இழையோட புது இழையை முறுக்கிப் பாவு பிணைக்க இன்னிக்கும் அந்த வண்டியிலதான் போறேன், கூரத்துக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கும். பின் சீட்டுல நீங்க இல்லாததால பள்ளத்துல வண்டி குதிக்குது. உங்க கால் வீங்கினப்புறம் ரெண்டு வருஷம் டயாலிசிஸுக்கு நான்தானே ஏத்திக்கினு போனேன். பொண்டாட்டி இடுப்பைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கினு வருவீங்க. "டிரைவரம்மா, மெதுவாப் போ. ஆஸ்பத்திரி வரைக்குமாவது உசிரோட வரணும்"னு காதுகிட்ட சொல்லுவீங்க.

ஆயில் மாத்துற வேலைக்கு மட்டும் என்னை விட்டதே இல்ல. வீங்கின காலை நீட்டித் தரையில உட்கார்ந்து, எஞ்சினுக்கு அடியில நீங்களே கையை விடுவீங்க. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கணும், அவ்வளவுதான். இறுக்கும்போது "போதும், போதும்"னு உங்களுக்கே சொல்லிப்பீங்க.

போன வாரம் முதல் தடவையா, பழைய ஆயிலை வடிக்க எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் போல்ட்டை நானே கழட்டினேன். அதோட திருகு மரையில கருப்பா என்னமோ ஒட்டிக்கினு இருந்துது. அழுக்குன்னு நெனச்சு மண்ணெண்ணெயில ஊறவெச்சுச் சுரண்டிப் போட்டேன். திரும்ப மாட்டினா போல்ட்டு ஆடுது. நம்ம கைதான் பாவு பிணைக்கிற கை ஆச்சே. இழை நழுவுற மாதிரி இருந்தா, சாம்பலைத் தொட்டு இன்னும் ஒரு முறுக்கு வெச்சாத்தான் மனசு ஆறும். இதுக்கும் வெச்சேன். நறநறன்னு ஒரு சத்தம். அப்புறம் போல்ட்டு சும்மா சுத்துச்சு. எஞ்சினுக்குள்ள இருந்த மரை, பிரிஞ்ச சரிகை மாதிரி கையோட வந்துது.

பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கிற மெக்கானிக் குனிஞ்சு பார்த்துட்டு, "எஞ்சின் அடிப்பாகத்தையே மாத்தணும். இவ்வளவு பழைய வண்டிக்கு எங்கம்மா கிடைக்கும்? எடைக்குப் போட்டுடு"ன்னாரு. எடைக்கா? நீங்க உட்கார்ந்த சீட்டையா? அங்கேருந்து தள்ளிக்கினே போயி, லேத்துப் பட்டறை ஜோசப் அண்ணன் வாசல்ல நிறுத்தினேன்.

அவரு டார்ச் அடிச்சுப் பார்த்து, ஊசியால எதையோ நோண்டி எடுத்தாரு. "தங்கச்சி, இது உன்னால மட்டும் போனது இல்ல. மரை முன்னாடியே போயிருக்குது. யாரோ நூலைச் சுத்தி, பசையைத் தடவி ஓட்டிக்கினு இருந்திருக்காங்க"ன்னு என் உள்ளங்கையில வெச்சாரு. கரி ஆயிலைத் துடைச்சுப் பார்த்தேன். அரக்குக் கலரு மாமா. பட்டு.

தறியில குறுக்கே ஓட்ட, ஊடைக்குன்னு குச்சியில சுத்தி வெச்ச அரக்குப் பட்டு நூல் தார் ஒண்ணு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்குதா? "பூனை இழுத்துக்கினு போச்சு வள்ளி, நானே பார்த்தேன்"னு சொன்னீங்களே. அந்தப் பூனைக்கு ஒரு மாசம் நான் சோறு வெக்கல. நீங்களும் ஒரு முறுக்கு கூட வெச்சுட்டு, சொல்ல வெட்கப்பட்டுக்கினு இருந்தீங்களா? அதான் என்னைப் போல்ட்டுகிட்டவே விடலையா? பூனைக் கதையை அண்ணன்கிட்டச் சொல்லி, பட்டறையிலயே வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். அப்புறம்தான் அழுதேன்.

ஜோசப் அண்ணன் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக் குடைஞ்சு, புது மரை வெட்டி, ஸ்பிரிங் மாதிரி ஒரு இரும்புச் சுருளை உள்ள திருகி இறக்கினாரு. இனிமே போல்ட்டு அதைப் பிடிச்சுக்குமாம். "உன் வீட்டுக்காரரு பண்ணதும் இதேதான். அவரு பட்டுல பண்ணியிருக்காரு"ன்னாரு. ஸ்பேனரை என்கிட்ட கொடுத்து, "நீயே இறுக்கு. கை கனத்ததும் விட்டுடணும்"னாரு.

கை கனத்துது. விரல் விட மாட்டேங்குது மாமா.

ஆஸ்பத்திரிதான் கண்ணுல நின்னுது. ஊசி குத்தக் கையில இடமில்லாம, "போதும் வள்ளி, வீட்டுக்குப் போலாம்"னு கேட்டீங்க. "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னேன். அந்த ஒரு தடவையிலதான் போயிட்டீங்க, வீட்டு வாசலைப் பார்க்காம. அதுவும் நான் கூட வெச்ச முறுக்குதானா? அன்னிக்கே கூட்டிக்கினு வந்திருந்தா, நாலு நாளாவது என் பக்கத்துல படுத்திருப்பீங்களா? இதை நான் யாரைக் கேப்பேன்?

"போதும்மா"ன்னாரு ஜோசப் அண்ணன். விட்டேன்.

மறுநாள் காலையில வண்டிக்கு அடியில விரிச்ச பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஆயில் இல்ல.

அந்தத் துண்டு நூலை, நீங்க பிடிச்சுக்கினு வருவீங்களே, அந்தக் கம்பியில கட்டியிருக்கேன். ஒரே முடிச்சு. இறுக்கல.

வண்டியை விக்க மாட்டேன் மாமா. இனிமே ஆயிலை நானே மாத்துவேன், கை கனத்ததும் விட்டுடுவேன். பூனைக்கும் தினம் சோறு வெச்சுடுறேன்.

உங்களைப் பின்னாடி ஏத்திக்கினு போன
உங்க சம்சாரம்,
வள்ளி