தொடாமல் இருந்தது

ஜூலை 7
போனில் ஓடும் நம் கடைச் செருப்பு விளம்பரத்துக்குக் கீழே ‘சூப்பர் செருப்பு, நம்பி வாங்கலாம்’ என்று நானே எழுதி, ஹார்ட்டும் போட்டுவைத்தேன். என் பெயரில், என் படத்தோடு. விளம்பரத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நான்தான். அதே சட்டை. “சார், ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைங்களா?” என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். என் மகள் ஜாஸ்மின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

ஜூலை 9
இன்றைக்குச் சிரிக்கவில்லை. விளம்பரத்துக்குப் போடும் காசுகூடத் திரும்பவில்லையாம். கடை போனை நோண்டிப் பார்த்தவள், “இத யாருப்பா தினமும் மாத்துறது?” என்றாள்.

நான்தான். ஒரு நாள் எழுத்தை மாற்றினேன், ஒரு நாள் ஊரை மாற்றினேன். நல்லதுக்குத்தானே?

“யாருக்குக் காட்டுனா வாங்குவாங்கன்னு அந்த ஆப் கத்துக்க ஒரு வாரம் ஆவும்பா. நீ தொட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். தோல் ஷாப்புல சாய டிரம் சுத்தும்போது நடுவுல மூடிய தொறந்து வேற சாயம் ஊத்துவியா?”

ஐயோ. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஊத்தினவனை நானே எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்! கெடுத்தவன் நானா?

ஜூலை 10
தொடவில்லை.

ஜூலை 11
தொடவில்லை. கை அரிக்கிறது.

ஜூலை 20
ஆர்டர் வருகிறது! ஓடுகிற விளம்பரத்தை அவள் அப்படியே விட்டுவிட்டாள். புது வீடியோக்களைத் தனியாக, கொஞ்சம் காசில் ஓட்டிப் பார்க்கிறாள். அதில் ஜெயித்தது எது தெரியுமா? என் வெடித்த குதிகால்! செருப்புக்குள் நுழைகிற அந்தக் கால் சென்னை வரைக்கும் போயிருக்கிறது. எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பக்கத்துக் கடை நிசார் பாய்: “இன்னா ஜெயசீலா, மூஞ்சிக்கு மவுசு கம்மி, காலுக்கு ஜாஸ்தி போல!”

ஜூலை 27
சாப்பிடும்போது சொன்னாள். “போட்ட காசுக்கு மூணு மடங்கு வருதுப்பா, ஏறாம எறங்காம நிக்குது. மாசக் கடைசி வரைக்கும் இப்டியே நின்னா நான் தைரியமா கெளம்பிடுவேன்.”

எங்கே?

பெங்களூர். இதே விளம்பர வேலைதான், பெரிய கம்பெனி. அவள் அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமாம். “உன்கிட்ட சொன்னா தூங்க மாட்டியே” என்கிறாள் ஜாஸ்மின்.

நன்றாக ஓடணும் ஓடணும் என்று ஞாயிறுதோறும் ஜெபம் பண்ணினேனே — இதுக்கா?

ஜூலை 30
ஜாஸ்மின் குளிக்கப் போயிருந்தாள். கடை போன் என் கையில். ‘தோல் செருப்பு’ என்பதை ‘அசல் தோல் செருப்பு’ என்று மாற்றினேன். ஒரே வார்த்தை. பொத்தானை அமுக்கினால் எல்லாம் முதலிலிருந்து. அவளால் கிளம்ப முடியாது. கட்டைவிரல் பொத்தான்மேலேயே நின்றது.

பெற்ற பிள்ளைக்கா இதைச் செய்யப் பார்த்தேன்? இந்த ஆள் யார்? அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 3
ஆம்பூர் ஸ்டேஷன். பெட்டியில் ஏறி ஜன்னல் வழியாக, “தொடாதப்பா” என்றாள்.

“தொட மாட்டேம்மா.”

“மூஞ்சி ஏன் ஒரு மாதிரி கீது? இன்னா, சொல்லு.”

“ஒண்ணுமில்ல. தண்ணி பாட்டில் எடுத்தியா?” என்றேன்.

விளம்பரம் விழுந்தால் நீ இங்கேயே இருப்பாய் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன், ஜாஸ்மின். அதை மட்டும் சொல்லவில்லை.