எக்ஸ்ரேயைப் பார்த்தது யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளும் வேலைதான் எனக்கு இன்னும். போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. உன் வயதுள்ள ஒரு அம்மாவுக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே வந்த பதினோரு மாதத்தில் என் கையைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

"ஏம்ப்பா, இப்பல்லாம் கம்ப்யூட்டரே பாத்துச் சொல்லிடுதாமே? என் படத்த மனுஷங்க யாராவது பாத்தாங்களா?"

"டாக்டரும் பாத்துட்டாரும்மா" என்றேன். எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் எக்ஸ்ரே டாக்டரின் அறைக்கே போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, படத்தைத் தேடி எடுத்தார்.

"மெஷின் ஒண்ணுமில்லன்னு சொன்னதால, நான் பாக்க வேண்டிய வரிசையில கடைசியில கெடக்கு. நான் இன்னும் பாக்கலப்பா."

அங்கேயே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மெஷின் சொன்னது சரிதான். நீ சொன்னதும் இப்ப உண்மையாயிடுச்சு, போ."

அப்படியும் மனசு ஆறவில்லை, அம்மா. அடுத்த வாரம் உனக்கு ஸ்கேன் என்று தங்கை எழுதியிருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போ. எத்தனை மணிக்கு என்று எனக்கு எழுது, அந்த நேரத்தில் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன். படத்தை யார் பார்த்தார்கள் என்று டாக்டரிடமே கேள். வண்டி தள்ளுகிறவன் சொல்வதை நம்பிவிடாதே.

வார்டில் கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்