நல்ல பாணி

தண்ணீரூற்று,
முள்ளியவளை.
14.03.2004

அன்புள்ள நாச்சியாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? உங்கள் வீட்டுக்காரர் மீராசாகிபு நானாவின் இருமல் குறைந்ததா? மகள் றிஃப்னா கேட்ட இரசாயனக் குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீராவிப்பிட்டியில் உங்கள் வீடு பூட்டியபடியே இருக்கிறது. முற்றத்தில் நீங்கள் நட்டுவிட்டுப் போன முருங்கை தளிர்த்துவிட்டது.

அனுப்ப ஒரு கிழமை ஆனதற்குக் காரணம் குறிப்புகள் அல்ல. இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

போன மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முன், மகளுக்குப் படிப்பித்ததற்காக நானா காட்டில் எடுத்த தேனில் ஒரு போத்தல் கொண்டுவந்தீர்கள். "நல்ல பாணி ரீச்சர், கேக் அடிச்சுப் பாருங்க" என்றீர்கள். பக்கத்து வீட்டுப் புனிதம் நத்தாருக்குக் கேக் ஒன்று கேட்டிருந்தார். சீனி போடும் அளவுக்கே தேனை ஊற்றினேன். வழக்கம்போல் தாச்சிக்குள் மணல் பரப்பித் தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலை நிறையப் போட்டேன். அரை மணித்தியாலத்தில் மேலே கரி, நடுவில் கூழ்.

புனிதம் பார்த்துக்கொண்டு நின்றார். என் கைப்பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. "சீனிப்பாணியைத் தேன் எண்டு தந்திருக்கினம். அவாவே தன்ர வாயால பாணி எண்டுதான் சொன்னவா" என்றேன். இங்கே நாங்கள் பாணி என்றால் காய்ச்சிய சீனியைத்தானே சொல்லுவோம்.

அந்தக் கதை சந்தைவரை போனது. தை பிறக்குமுன், அங்கே நானா விற்ற தேன் போத்தல்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் புனிதத்தைத் தெருவில் மறித்து ஏசினீர்கள். பிறகு என்னிடம் வந்தீர்கள். "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சனம் கேக்கும். இது தேனா, இல்லையா?" என்று கேட்டீர்கள். சோதித்துப் பார்க்காமல் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். அடுத்த கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பவும் புத்தளம் போய்விட்டீர்கள்.

சோதிக்காமல் முதலில் சொன்னவள் நான்தான், நாச்சியா. புனிதம் இல்லை.

போன கிழமை றிஃப்னாவின் கடிதம் வந்தது. உம்மா இப்போது பாணி என்ற சொல்லையே எடுப்பதில்லை, பக்கத்துச் சிங்களக் கடையிலும் தேன் என்றுதான் கேட்கிறார், முதலாளிக்கு விளங்குவதில்லை என்று பகிடியாக எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதின்மூன்று வருடம் அங்கே அகதியாக இருந்த உங்கள் வாயில் கடைத்தெருச் சொல் ஒட்டாமல் விடுமா? பேராதனையில் படித்த நான்கு வருடமும் நானே சிங்களத்தில் 'மீ பெணி' என்று கேட்டுத் தேன் வாங்கியிருக்கிறேன்; அந்தப் 'பெணி'தான் உங்கள் வாயில் பாணி. தெரியாத சொல் அல்ல. அன்று அதைத் தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

றிஃப்னாவின் கடிதம் வந்த அடுத்த நாள் மிச்சத் தேனில் திரும்பவும் கேக் அடித்தேன். தேன் சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகும் என்று வருடாவருடம் உயர்தர வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். தேனைக் குறைத்து, துளி அப்பச்சோடா சேர்த்து, தணலைப் பாதியாக்கினேன். பொன் நிறத்தில் பொங்கி வந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் புனிதத்திடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டு, "ரீச்சற்ற பேர் கெடக்கூடாது எண்டுதான் பேசாம ஏச்சு வாங்கினனான். எனக்குச் சொல்லி என்ன, அவாவுக்கெல்லோ சொல்லவேணும்" என்றார். மற்றத் துண்டுகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய், யார் தந்த தேன், நான் என்ன கதைத்தேன் என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொன்னேன். சின்னராசா மாஸ்டர் மட்டும் இரண்டாவது துண்டை எடுத்தார்.

என்னை மன்னிக்கும்படி எந்த முகத்தோடு கேட்பேன்? எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் புனிதத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.

போத்தலில் கால்வாசி இன்னும் இருக்கிறது. நேற்று என் குசினிக்கு வந்த புனிதம் அதைத் தூக்கிப் பார்த்து, "பாணி இன்னும் மிச்சமிருக்கோ ரீச்சர்?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

நீங்கள் மூவரும் ஒரு குறையுமின்றி இருக்கவேண்டும். முருங்கை காய்க்கும்போது பறிக்க நீங்கள் இங்கே இருக்கவேண்டும்.

உங்கள் முன் தலைகுனிந்து,
கமலாசனி