ஓட்டுநர் இருக்கையில் நான்

நாப்போலி, வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு, ரொசால்பாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மருந்து சாப்பிடுகிறாரா? நானும் என் வழிகாட்டி நாய் நெரீனாவும் நலம்.

பயப்படாமல் படி. நேற்று பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் அடுத்த பருவம்தான். பேருந்து வழக்கம்போல நாற்பது நிமிடம் தாமதம். ஏறியதும், "இடம் பாரு" என்றேன். நெரீனா ஒரு காலி இருக்கையில் மோவாயை வைத்துக் காட்டினாள். உட்கார்ந்தால், நெஞ்சில் ஸ்டீயரிங் இடிக்கிறது! ஓட்டுநர் ஜென்னாரோ கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருக்கிறான்.

"எடும்மா வண்டிய! கண்ணு தெரியாத நீ ஓட்டினாலும் அவன விட சீக்கிரம் போய்ச் சேந்துருவோம்!" என்று மீன்காரி அசுந்தா கத்தினாள். பேருந்தே சிரித்தது. நானும் விடாமல் ஹாரனை அழுத்தினேன்.

ஜென்னாரோ ஓடி வந்தான். "எந்திரிம்மா தாயே, என் வேலையே போயிரும்!"

"நாயக் கேளுங்க. அதுதான் இந்த எடம் காலின்னு சொல்லுச்சு."

அதன்பின் வண்டி பறந்தது. தேர்விலும் தேறிவிட்டேன்.

பேருந்துச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். மழையில் நனைந்தால் நெரீனாவைத் துவட்ட, நீ சமையலறையில் கை துடைக்கும் துண்டை அனுப்பு. துவைக்காதே, உன் கை வாசனையோடு அப்படியே அனுப்பு. நாய்க்குத்தானே.

உன் ரொசால்பா