இரண்டாவது மீன்

நீங்கள் போய் எட்டு மாதம் கழித்து, இந்த நியூ டவுன் வீட்டுப் பரணிலிருந்து உங்கள் தூண்டில் பையை நேற்றுதான் இறக்கினேன். ஜிப்பை இழுத்ததுமே இரைக்கு வறுத்த கடுகுப் பிண்ணாக்கு வாசனை முகத்தில் அடித்தது. இந்த நாற்றத்துக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை உங்களோடு மல்லுக்கு நின்றிருப்பேன்! நேற்று அதையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே நாம் முன்பு இருந்த கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்புக் குளத்தின் மீன்பிடி பாஸ் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மீன்தான். பிடித்ததை விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கலாம். அந்தக் 'கொடுக்கலாம்' உங்கள் கண்ணுக்குக் 'கொடுத்தே ஆகவேண்டும்' என்று தெரிந்தது போலும். ஒன்று நமக்கு, இன்னொன்று யார் வீட்டுக்காவது. செதில் தேய்ப்பது நான், நல்ல பெயர் உங்களுக்கு.

அப்படித்தான் கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்த மாஷிமாவிடம் ஒரு ரூயி மீனை நீட்டிவிட்டு வந்தீர்கள். காளிகாட்டிலிருந்து மகனோடு குடிவந்த வங்காளி அம்மா; பெரியம்மா முறை வைத்து மாஷிமா என்போம். கணவர் இறந்து நாலு வருடம். கணவர் போனால் அவர்கள் வழக்கத்தில் பெண்கள் மீனைத் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லை. பதினாறாம் நாள் முடிந்தால் எல்லாம் சாப்பிடுகிற ஊர்க்காரர்தானே நீங்கள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. "மகனுக்குன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டீர்கள். மகன் வெளியூர் டூட்டியில் இருந்தது குடியிருப்புக்கே தெரியும்.

மன்னிப்புக் கேட்க நான்தான் ஓடினேன். மாஷிமா அரிவாள்மணையில் உட்கார்ந்து மீனை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே வங்காள மொழியில் சொன்னார்: "நாலு வருஷமா எனக்குன்னு யாரும் மீன் கொண்டுவந்ததில்லம்மா. அவரைத் திட்டாதே."

ஏற்கெனவே திட்டி முடித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அதன்பின் பத்து வருடத்துக்குமேல் இரண்டாவது மீன் அவருக்குத்தான். அவர் சாப்பிட்டாரா, மகனுக்கு மட்டும் சமைத்தாரா என்று நீங்கள் கேட்டதில்லை. என்னையும் கேட்க விடவில்லை. "கொடுத்தாச்சுல்ல, இனி அது அவங்க மீன்" என்பீர்கள்.

உங்களுக்குப் பதினாறு முடிந்தும் எனக்கு மீன் இறங்கவில்லை. ரசமும் சோறுமாகவே ஓடியது. இரண்டாம் மாதம் மாஷிமா அந்த வயதில் இரண்டு பஸ் மாறி இங்கே வந்தார். கையில் தூக்கு, அதில் கடுகு அரைத்த ரூயி குழம்பு. எனக்குத் தூண்டில் போடத் தெரியாது, கடையில்தான் வாங்கினேன் என்றார். மனசு வரவில்லை மாஷிமா என்றேன். அவர் சமையலறைக்குப் போய் இரண்டு தட்டு எடுத்துவந்தார். இரண்டிலும் சோறு போட்டு, இரண்டிலும் மீன் வைத்தார். முதல் கவளத்தை அவரே உண்டார். பேச்சுக்கு நடுவே, பார்க்காமலே முள்ளை ஒதுக்கினார். பழகிய கை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நானும் சாப்பிட்டேன்.

பையை நான் கழுவப்போவதில்லை. நாளை மாஷிமாவைப் பார்க்கக் கார்டன் ரீச் போகிறேன். போகும் வழியில் மீன் வாங்க வேண்டும். ஒன்று எனக்கு, இன்னொன்று அவருக்கு.