நீளம் போதவில்லை, அவ்வளவுதான்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுகிறேன். இங்கே நானும் டிராக்டரும் சௌக்கியம். அங்கே அக்கா வீட்டில் உங்கள் காலும் கோபமும் எப்படி இருக்கின்றன? கால் தேறிக்கொண்டு வருகிறது என்று உங்கள் அக்கா சொன்னார். கோபத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அதிலேயே புரிந்துகொண்டேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். டிராக்டர் என்று வாயெடுத்தாலே "சரி, வைக்கிறேன்" என்கிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தால், மீதியில் என்ன எழுதியிருக்கிறேனோ என்று உங்களுக்குத்தான் தூக்கம் வராது. அக்கா, நீங்கள் இதை எட்டிப் பார்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கும் ஒரு ஆள் பலம் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மினி டிராக்டரை ஏற்றிப் பிக்கப் வேனில் இழுத்துப் போகிற டிரெய்லர், உங்கள் காலையும் பதம் பார்த்துக் கவிழ்ந்ததே, அதற்குப் பதிலாகப் புது டிரெய்லர் வாங்கிவிட்டேன். பணத்தைப் பற்றி நீங்கள் வந்த பிறகு ஆற அமரச் சண்டை போடலாம். டிராக்டரையே விற்றுவிடலாம் என்று முடிவுகட்டி, வாங்க ஆளும் பார்த்து, அவர் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறார், இவள் என்னடா என்றால் டிரெய்லர் வாங்கி வைத்திருக்கிறாளே என்று நீங்கள் பல்லைக் கடிப்பது இங்கே வரை கேட்கிறது. கடித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கடைக்கு நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போகவில்லை. டிராக்டரையே ஓட்டிக்கொண்டு போனேன். முன்னால் மண் அள்ளும் பக்கெட், பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர், எல்லாம் மாட்டி, வேலைக்குப் போகிற கோலத்திலேயே. பெரிய ரோட்டில் என் பின்னால் கார்கள் வரிசையாக ஊர்ந்து வந்தன. ஹாரன் அடித்து அடித்து அவர்களே ஓய்ந்துவிட்டார்கள். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து பெரியவங்க யாரும் வரலையா என்று கேட்டார். வந்திருக்கார், வாசல்ல நிக்கிறார் என்று டிராக்டரைக் காட்டினேன். அதற்குப் பிறகு மனுஷர் மரியாதையாகப் பேசினார்.

முதலில் அவர் காட்டியது நம் பழைய டிரெய்லரின் கூடப்பிறந்தது. ஒரே அச்சு, இரண்டு சக்கரம், அதே நீளம். மினி டிராக்டருக்கு இது தாராளம், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருடைய பிக்கப்பில் அதை மாட்டச் சொல்லி, டிராக்டரை ஏற்றினேன். பக்கெட் முன்கம்பியில் போய் இடித்தது. அதற்கு மேல் நகர இடமில்லை. ரொட்டவேட்டர் பின்னால் வெளியே தொங்கியது. கனமெல்லாம் சக்கரத்துக்குப் பின்பக்கம் விழுந்து, டிரெய்லரின் மூக்கு எழும்பி, பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. இப்படியே ரோட்டுக்குப் போனால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்து வண்டியையே சாய்த்துவிடும், இறக்குங்கள் என்று கடைக்காரரே பதறினார்.

இறக்கிவிட்டு, அங்கேயே நின்று அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மில் பக்கத்து இறக்கத்தில் அன்றைக்கு நடந்தது இதுதானே! வயசாயிடுச்சு, கை தடுமாறிடுச்சு என்று இத்தனை நாளாக உங்களை நீங்களே அரித்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. டிராக்டர் வந்த புதிதில் அதன் நீளத்தை நாம் இரண்டு பேரும் டேப் பிடித்து அளந்து அந்த டிரெய்லரை வாங்கினோம். பக்கெட்டும் ரொட்டவேட்டரும் பிறகு வந்தன. டிராக்டர் வளர்ந்தது, டிரெய்லர் வளரவில்லை. அன்று யார் ஓட்டியிருந்தாலும் கவிழ்ந்துதான் இருக்கும்.

இப்போது வாங்கியிருப்பது இரட்டை அச்சு. நல்ல நீளம். அதன் சக்கரங்களுக்கே தனி பிரேக் உண்டு. பின்கதவைச் சாய்த்தால் அதுவே ஏறுகிற வழியாகிவிடும், பலகை போட்டுத் திண்டாட வேண்டாம். ஒன்றைக் கண்டதும் தலையாட்டிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். டிராக்டரை அன்று அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் நம் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு நம்முடைய பிக்கப்பில் போனேன். இந்தக் கனத்தை நம் வண்டி இழுக்குமா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் சரி என்றேன். டிராக்டரை முன்னால் நகர்த்தி, கனம் சக்கரத்துக்குச் சற்று முன்னால் விழுகிற மாதிரி நிறுத்தி, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்கினோம். மெக்கானிக் அங்கிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார். நான் தனியாக மில் பக்கத்து இறக்கத்தில் இறங்கி வீடு வந்தேன். டிரெய்லர் துளிகூட ஆடவில்லை.

செடி நர்சரிக்காரர், மண் கிளற எப்போது வருவீர்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். பள்ளிக்கூட மைதானமும் சமன்படுத்தக் காத்திருக்கிறது. வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு நானே போன் போட்டு, விற்கவில்லை என்று சொல்லியிருப்பேன். நம்பரைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் நான் சொன்னால் அது என் பிடிவாதமாகத்தான் போகும். நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னால் ஓட்ட வேண்டாம், நான் ஓட்டுகிறேன். நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மெதுவா போ, கண்ணாடியப் பாரு, கியர மாத்து என்று என் உயிரை வாங்குங்கள். அந்த இறக்கத்தில் திட்ட ஆளில்லாமல் இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
வீட்டுக்காரி